மூன்று விசிறி, இரண்டு விசிறி

காரிமங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சாரியில், உரக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில், பத்தடி அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. அதை நடத்துபவர் கேத்தரின். வயது முப்பத்தெட்டு. கடத்தூருக்கு வடக்கே நாலு ஏக்கர் மானாவாரி வைத்திருந்த சவரியின் இரண்டாவது மகள். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு தனியார் கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் எட்டு ஆண்டுகள் உதவியாளராக இருந்தவர், 2017 ஜூன் 5ஆம் தேதி, திங்கட்கிழமை, இந்தக் கடையைத் திறந்தார்.

ஆய்வக வேலையிலிருந்து ஒரு பழக்கம் அவரோடு கடைக்கும் வந்தது. எதை அளந்தாலும் மூன்று தடவை அளப்பார். மூன்றில் நடுவில் நிற்கும் அளவை எடுத்துக்கொள்வார். அப்போது அறையில் எத்தனை டிகிரி சூடு என்பதையும் பக்கத்தில் எழுதி வைப்பார்.

ஊரடங்குக் காலத்தில் யூடியூபில் ஒரு சேனல் தொடங்கினார். கிராபிக்ஸ் கார்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்வதுதான் அதன் வேலை. கிராபிக்ஸ் கார்டு என்பது கம்ப்யூட்டருக்குள் செருகுகிற தனிப் பலகை; கல்யாண வீடியோ வெட்டுகிறவர்களுக்கு வேலை சீக்கிரம் முடிவதும் முடியாமல் இழுப்பதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தது. பெருநகரத்து விமர்சகர்கள் லட்ச ரூபாய்க் கார்டுகளை, இந்தப் பக்கம் எந்த ஸ்டுடியோவிலும் இல்லாத இயந்திரங்களில் போட்டு, விளையாட்டுகளை ஓட்டிப் பார்த்தார்கள். கேத்தரின் இங்கே புழங்குகிற சாதாரண இயந்திரத்தில் கார்டைச் செருகி, வெட்டி முடித்த பன்னிரண்டு நிமிடக் கல்யாண வீடியோ ஒன்றை முழுக் கோப்பாக வெளியே எடுக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார். எல்லாக் கார்டுக்கும் அதே வீடியோதான். அந்த மாப்பிள்ளை மாலை மாற்றியதை அவர் ஆயிரம் தடவைக்கு மேல் பார்த்திருப்பார்.

விலை கொடுத்து வாங்கிச் சோதிக்க வசதி கிடையாது. சேலத்து மொத்த விற்பனையாளர் சில கார்டுகளை இரவல் கொடுப்பார். மற்றவற்றை வாங்கியவர்களிடமே ஒரு நாள் கேட்டு வாங்குவார். அதற்கும் ஒரு முறை உண்டு. புதுப் பொருளின் பெட்டியைப் பிரித்து, பூசை போட்டு, பொட்டு வைக்கிற உரிமை வாங்கியவருடையது. அவர்கள் வீட்டில் அது முடிந்த பிறகுதான் கேத்தரின் கைக்குக் கார்டு வரும்.

2024 ஜூலை 11 அன்று அவர் இரண்டு கார்டுகளைச் சோதித்தார். ஒன்று நீலப் பெட்டியில் வருவது. சேலத்து மொத்த விற்பனையாளரின் பிரதிநிதி முருகன் அனுப்பியது. இன்னொன்று சிவப்புப் பெட்டியில் வருவது. காரிமங்கலத்திலேயே ஸ்டுடியோ வைத்திருக்கும் பிரியதர்ஷினி வாங்கியது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை என்றுதான் ஊரில் பேச்சு. நீலம் 6 நிமிடம் 40 நொடியில் வேலையை முடித்தது. சிவப்புக்கு 7 நிமிடம் 18 நொடி ஆனது. சத்தத்தில் நீலம் 38 டெசிபல், சிவப்பு 46. அறைச் சூடு இரண்டுக்கும் 29 டிகிரி. ஞாயிற்றுக்கிழமை வீடியோ வெளியானது. “நீலம்தான்” என்று முடித்திருந்தார். மூன்று வாரத்தில் நாற்பத்தோராயிரம் பேர் பார்த்தார்கள்.

ஜூலை 24 புதன்கிழமை காலை வட்டார ஸ்டுடியோக்காரர்கள் சங்கத்தின் செயலாளர் வீரமணி கடைக்கு வந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

“உங்க பேச்ச நம்பி இருவத்திரண்டு பேரு நீலம் வாங்கறமுங்க. மொத்தமா எடுக்கறதால வெல கொறச்சிருக்காங்க. ஒண்ணாந்தேதி கூட்டத்துல அட்வான்ஸ் குடுத்துடறது. இந்தாங்க, கொட்டேஷன். ஒருவாட்டி கண்ணு ஓட்டுங்க.”

கேத்தரின் தாளை வாங்கிப் பார்த்தார். விலை சரி. பெயர் சரி. பக்கத்தில் கார்டின் சிறிய படம் இருந்தது. அதில் இரண்டு விசிறிகள். அவர் சோதித்த கார்டில் மூன்று.

“என்னாங்க, எதாச்சும் தப்பா?” என்றார் வீரமணி.

“ஒரு போன் போட்டுட்டுச் சொல்றேங்க.”

வீரமணி போனபிறகு சேலத்துக்குப் பேசினார். முருகன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான்.

“அக்கா, ரெண்டும் ஒரே சிப்புதானுங்க. உங்களுக்கு அனுப்புனது கம்பெனியிலயே வேகத்த கொஞ்சம் முடுக்கி வுட்டது. மூணு பேனு. நாலாயிரம் கூட வரும். ரிவ்யூவுக்குன்னா நல்லதத்தானே அனுப்புவோம்?”

“அத எங்கிட்ட சொல்லவே இல்லையே?”

“நீங்க கேக்கலையே அக்கா.”

கேத்தரினுக்கு அது சுருக்கென்றது. உண்மையிலேயே அவர் கேட்டிருக்கவில்லை. பெட்டிமேல் எழுதியிருந்ததைக்கூடச் சரியாகப் படிக்கவில்லை. இரவல் கொடுக்கிற மனிதரிடம் ஏன் இதைக் கொடுத்தீர்கள் என்று கேட்பது மரியாதை இல்லை என்று நாலு வருடமாக இருந்துவிட்டார்.

“சரி, அந்த ரெண்டு பேனு கார்டு ஒன்னு அனுப்பு. திரும்ப டெஸ்ட் பண்றேன்.”

“ஸ்டாக் இல்லீங்க்கா.”

“இருவத்திரண்டு பேருக்குக் குடுக்க இருக்குது, எனக்கு ஒன்னு குடுக்க இல்லையா?”

“மேல கேட்டுச் சொல்றேங்க்கா” என்று முருகன் வைத்துவிட்டான். பிறகு அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை.

பேசாமல் இருந்துவிட வழி இருந்தது. இரண்டு விசிறிக் கார்டும் ஓடாத கார்டு இல்லை. இருபத்திரண்டு பேரும் வாங்கி மாட்டுவார்கள். பழையதைவிட வேகமாகத்தான் இருக்கும். அரை நிமிடம் கூடுதலானாலும் யாரும் கடிகாரம் வைத்துப் பார்க்கப் போவதில்லை. சொன்னால், சேலத்து இரவல் நின்றுபோகும். கேத்தரின் அளந்து சொன்னால் சரியாக இருக்கும் என்று இந்த வட்டாரத்தில் ஏறியிருந்த பெயரும் இறங்கும். இதையெல்லாம் அவர் அன்று மாலைவரை யோசித்தார். யோசித்துவிட்டு, இரண்டு விசிறி நீலக் கார்டு யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார்.

ஒகேனக்கல்லில் தீர்த்தம்மாளிடம் இருந்தது. பரிசலில் போகிற சுற்றுலாக்காரர்களைப் படம் எடுத்து, அவர்கள் கரையேறுவதற்குள் அச்சடித்துக் கொடுக்கிற கடை அவருடையது. சாதாரண நாளில் கார்டைக் கழற்றித் தரமாட்டார். அந்த வாரம் ஆற்றில் தண்ணீர் கூடிப் பரிசலை நிறுத்தியிருந்தார்கள். ஜூலை 28 ஞாயிறு, கேத்தரின் தருமபுரிக்குப் போய் அங்கிருந்து ஒகேனக்கல் பஸ் பிடித்தார்.

தீர்த்தம்மாள் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைத் தானே கழற்றினார். தகட்டின்மேல் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

“மொதல்ல இந்தப் பொட்ட பேன் றெக்கையிலதான் வெச்சேன். கொரகொரன்னு ஒரே சத்தம். மீன் வறுக்கற கடைக்காரி வந்து, ஏம்மா உன் பொட்டியில எண்ண காயுதான்னு கேக்கறா. அப்புறம் தொடச்சிட்டு வெளிய வெச்சேன். சாமி கோவிச்சுக்கல.”

கேத்தரின் கார்டைக் கையில் வாங்கியபடியே நின்றார். பிரியதர்ஷினி கொடுத்த சிவப்புக் கார்டின் விசிறிகளில் காய்ந்த சந்தனம் இருந்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு விசிறியிலும் ஓர் இதழில் மட்டும். பார்த்தார், துடைக்கவில்லை. அடுத்தவர் சாமி கும்பிட்டு வைத்த பொட்டைச் சிலுவை போட்டவள் துடைத்தாள் என்று ஆகக்கூடாது என்று அப்படியே ஓட்டினார். 46 டெசிபல் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது.

“என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? வெள்ளிக்கெழமைக்குள்ள கொண்டாந்துடுங்க. ஆத்துல தண்ணி எறங்கிட்டா எனக்குப் பொழப்பு வந்துடும்” என்றார் தீர்த்தம்மாள்.

மறுநாள் பிரியதர்ஷினியின் ஸ்டுடியோவுக்குப் போய், தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். பிரியதர்ஷினி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

“அய்யோ அக்கா, அத நான் எப்பவோ தொடச்சிட்டேன். என் மாமியா வெச்சது. வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணவே முடியல. நீங்க ஏன் தொடைக்கல?”

“உங்க வூட்டுச் சாமி பொட்டு. நான் எப்பிடிம்மா?”

“சாமி படத்துல வெச்சதயா தொடைக்கச் சொல்றேன்? பேனுல வெச்சது. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?”

இந்த மாதத்தில் கேத்தரின் கேட்காமல் விட்டது இது இரண்டாவது.

ஜூலை 30 அன்று இரண்டு விசிறி நீலத்தையும் பொட்டில்லாத சிவப்பையும் அதே மேசையில், அதே இயந்திரத்தில், மூன்று மூன்று தடவை ஓட்டினார். அறைச் சூடு 29. நீலம் 7 நிமிடம் 14 நொடி. சிவப்பு 7 நிமிடம் 17 நொடி. சத்தம் இரண்டும் 40. மூன்று நொடி வித்தியாசம் என்பது ஒரே கார்டை இரண்டு தடவை ஓட்டினாலே வரக்கூடியது.

ஆகஸ்ட் 1 வியாழக்கிழமை சங்கக் கூட்டம் தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. அட்வான்ஸுக்கு முன்னால் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு கேத்தரின் எழுந்தார். எது மூன்று விசிறி, எது இரண்டு விசிறி, யார் கொடுத்தது, சந்தனம் எங்கே இருந்தது என்று வரிசையாகச் சொன்னார். புது அளவுகளைப் படித்தார்.

வீரமணிக்கு முகம் கறுத்துவிட்டது. “ரெண்டு வாரத்துக்கு முன்ன நீலம்னீங்க. இப்ப ரெண்டும் ஒன்னுங்கறீங்க. அடுத்த வாரம் செவப்பும்பீங்களா? இத்தன பேருகிட்ட நான்தானே பேசி வெச்சிருக்கேன்!”

“அளந்ததுல தப்பு இல்லீங்க. அளக்க எடுத்துக்கிட்டதுலதான் தப்பு. ஒன்னு அலங்காரம் பண்ணி வந்துச்சு, ஒன்னு பொட்டோட வந்துச்சு. ரெண்டையும் நான் கேக்காம எடுத்துக்கிட்டேன்.”

“பொட்டு வெச்சா கார்டு தோத்துப் போவுமா? இனிமே பொண்ணு பாக்கப் போனாலும் கழுவிட்டுத்தான் பாக்கணும் போல!” என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, கூடமே சிரித்தது. கேத்தரினும் சிரிக்க முயன்றார், வரவில்லை.

சிரிப்பு அடங்கியதும் மாதையன் எழுந்தார். கடத்தூரில் முப்பது வருடமாகக் கல்யாணம் எடுக்கிறவர்.

“ஏம்மா, ஒன்னு கேக்கறேன். எங்கிட்ட இருக்கற பழைய கார்டு எத்தன நிமிசம் எடுக்கும்?”

கேத்தரின் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அது அதில் இல்லை. எந்தத் தாளிலும் இல்லை. கூட்டத்தில் பாதிப் பேரிடம் இருந்தது மாதையன் வைத்திருக்கிற அதே மாடல்தான்.

“அத நான் அளக்கலீங்க.”

“புதுசுல எது நல்லதுன்னு சொல்றீங்க. வாங்கணுமா வேணாமான்னு யாரு சொல்றது?”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. வீரமணி அட்வான்ஸைப் பத்து நாள் தள்ளிவைப்பதாகச் சொன்னார். மாதையன் மறுநாளே தன் கார்டை ஒரு துண்டில் சுற்றிக் காரிமங்கலத்துக்குக் கொண்டுவந்து, கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஓடி முடிக்கும்வரை இருந்தார். 8 நிமிடம் 5 நொடி. மூன்று தடவையும் அவர் தன் கைக்கடிகாரத்திலும் பார்த்துக்கொண்டார்.

“ஐம்பது நொடிக்கு இத்தன ரூபாயா? நான் டீ குடிச்சிட்டு வந்துக்கறேன்” என்று கார்டைத் திரும்பத் துண்டில் சுற்றினார்.

ஆகஸ்ட் 4 அன்று திருத்திய வீடியோ வெளியானது. பழையதை நீக்கவில்லை, அதன் தலைப்பிலேயே தவறு என்று எழுதி, புதியதற்கு வழி காட்டினார். இரண்டு மாதத்தில் புதியதைப் பார்த்தவர்கள் 2,316 பேர். பழையதை மேலும் ஒன்பதாயிரம் பேர் பார்த்தார்கள். சேலத்திலிருந்து இரவல் நின்றுவிட்டது. ஒவ்வொரு கார்டுக்கும் எத்தனை விசிறி, கடைவிலை என்ன, யார் கொடுத்தது, கேட்டு வாங்கியதா, தானாக வந்ததா என்பவற்றை இப்போது அளவுகளுக்கு முன்னால் படிக்கிறார். பார்வையாளர்களில் சிலர் அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டுப் பார்க்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

சங்கம் மொத்தமாக வாங்குவதைக் கைவிட்டு, அவரவர் விருப்பத்துக்கு விட்டது. பதினொரு பேர் சிவப்பு வாங்கினார்கள். எட்டுப் பேர் நீலம் வாங்கினார்கள். வீரமணி அவர்களில் ஒருவர். மூன்று பேர் அந்த வருடம் எதையும் வாங்கவில்லை.