சக்கரத்தில் அளந்தவர்

எண்பதுகளில் ஒருமுறை, மட்டாஞ்சேரியில் இருந்த என் பைக் ஒர்க்‌ஷாப்பை மூடிவிட வேண்டிய நிலை வந்தது. பக்கத்து ஊரான தோப்பும்படியின் மீன் வியாபாரி ஒருவரின் புது பைக்கை நான் சர்வீஸ் செய்திருந்தேன். புத்தகத்தில் போட்டிருந்த பத்து குதிரைத்திறன் வண்டியில் இல்லை, எஞ்சினை நான் கெடுத்துவிட்டேன் என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். கடைக்கு வண்டிகள் வருவது நின்றது.

எர்ணாகுளத்துக் கல்லூரி ஒன்றில், சக்கரத்தை உருளைமேல் ஓடவிட்டுத் திறனை அளக்கும் கருவி இருந்தது. அந்த வண்டியை அளந்து பார்த்துவிட வியாபாரியும் நானும் அங்கே போனோம். கருவியைக் கவனித்துக்கொண்டவர் ஒல்லியான பாலக்காட்டுத் தமிழர். அளவைத் தன் வாயால் சொல்லமாட்டார். வந்தவரையே முள்ளைப் பார்த்து வாசிக்கச் சொல்வார்.

"எட்டரை," என்று வாசித்தார் வியாபாரி. "கண்டோ சாரே, இவன் கெடுத்ததுதான்!"

பாலக்காட்டுக்காரர் வெளியே போய், அதே மாடலில் தான் ஒரு மாதம் முன்பு வாங்கிய வண்டியைத் தள்ளிவந்து உருளையில் ஏற்றினார்.

"இதுல இன்னும் எந்த மெக்கானிக்கும் கைவைக்கலை. வாசிங்கோ."

அதுவும் எட்டரைதான்.

"புத்தகத்துல இருக்கறது எஞ்சினைத் தனியா வெச்சு அளந்தது. கியர், செயின் எல்லாம் தாண்டி சக்கரத்துக்கு வரச்சே குறையத்தான் செய்யும். இவர் மேல தப்பில்லை," என்றார் பாலக்காட்டுக்காரர்.

வியாபாரி என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுவாரம் அவரே இரண்டு வண்டிகளை அனுப்பிவைத்தார்.

அன்று கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். பாலக்காட்டுக்காரர் தன் வண்டியின் டாங்க்கைத் தடவிக்கொண்டிருந்தார். ஊரார் வண்டிகளையெல்லாம் அளந்தவர், தன்னுடையது குறைவதைக் காண மனமில்லாமல் அதை அதுவரை அளக்காமலே வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.