ஒழுங்கைப் பள்ளத்துச் சத்தம்

காலையில் மகளைப் பாடசாலைக்குக் கூட்டிப்போகும்போது, ஒருகொடவத்தையில் காரின் முன்சக்கரம் உள்ளே மடிந்துவிட்டது. மெதுவாகப் போனதால் தப்பினோம். காரைக் கராஜுக்கு இழுத்துவரச் செய்தேன்.

"சில்லைத் தாங்கிற போல் ஜொயின்ட் தேஞ்சு கழண்டிட்டுது. பள்ளத்தில விழேக்க டொக்கு டொக்கெண்டு கேட்டிருக்குமே, அண்ணே?" என்றார் மெக்கானிக்.

கேட்டதுதான். சின்ன வயதில், கொட்டாஞ்சேனையில் அப்பாவின் பழைய காரும் எங்கள் வீட்டுக்கு வரும் ஒடுங்கிய ஒழுங்கைப் பள்ளத்தில் அப்படித்தான் சத்தம் போடும். "அப்பாட பெல் அடிச்சிட்டுது, புத்தகத்தை எடுங்கோ!" என்று சிரித்தபடி அம்மா தேத்தண்ணிக்குக் கேத்தலை வைப்பார். பெற்றோல் மணக்கும் சட்டையோடு அப்பா உள்ளே வருவார். அதன்பின் வீட்டில் யாருக்கும் பயமில்லை.

அதனால்தான் இத்தனை வாரமும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாக ஓட்டியிருக்கிறேன்.

"எல்லாத்தையும் மாத்துங்கோ தம்பி," என்றேன். "ஒரு சத்தமும் கேக்கக்கூடாது."