இரவல் வேண்டுதல்

வளையல்களைக் கழற்றி மேசையில் வைத்தாயிற்று. அடுத்து கம்மல், கைக்கடிகாரம், கடைசியாகச் செருப்பு. மொடமொடவென்று இஸ்திரி போட்ட துணியை அக்கா வேலை நாளில் உடுத்தவே மாட்டார். மைக் பொல்லாதது, துணி உரசினால்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். வெறுங்காலோடு கண்ணாடி அறைக்குள் போய், ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, "சீக்கிரம் அழ விடுங்கப்பா, வீட்டுல வேலை கிடக்கு" என்பார்.

டப்பிங் வட்டாரத்தில் அவருக்கு அழுகாச்சி அக்கா என்று பெயர். திரையில் எந்த அம்மா கடவுளிடம் முறையிட்டாலும் பாதிக்குப் பாதி அது அக்காவின் தொண்டைதான். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தக் குரலைப் பதிவு செய்கிறவன். சாமி பூதம் எதிலும் ஒட்டாத ஆள். இருந்தாலும் சும்மா சொல்லக்கூடாது, அக்கா கதறினால் மேலே யாராவது இருந்து தொலைத்தால் நன்றாயிருக்குமே என்று எனக்கே தோன்றும்.

இந்தத் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு வேண்ட முடியாது. திரையில் நடிகை கண்களை இறுக மூடியிருப்பார். அக்காவோ அவருடைய உதட்டை விட்டுப் பார்வையை எடுக்காமல் உருக வேண்டும். அழுது முடித்த அடுத்த நொடி, "சளி புடிச்ச மாதிரி கேக்குதா? இன்னொரு தடவை போவமா?" என்பார்.

சினிமாவில் வரும் பக்தியைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், வாயை மூடவைக்க முடியாது. "ரெண்டே ரகம்தான்பா. ஒண்ணு, அம்மா கத்துவா, காத்தடிக்கும், ஜன்னல் படபடன்னு அடிச்சுக்கும், அங்க ஆஸ்பத்திரியில புள்ளை விரலை ஆட்டும். இன்னொண்ணு, கும்புடறவன் லூசா இருப்பான், இல்லாட்டி திருடனா இருப்பான். காலையில எந்திரிச்சு, கும்புட்டுட்டு, பஸ்ஸைப் புடிச்சு வேலைக்குப் போற மனுஷனை எவனும் எடுக்க மாட்டேங்கிறான்." ஒரே ஒரு படத்தைத்தான் அவர் மெச்சிக் கேட்டிருக்கிறேன். அதில் ஒருத்தி மகனோடு பெரிய சண்டை போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துச் சற்று நேரம் நிற்பாள். பிறகு வந்து அவனுக்குச் சாப்பாடு போடுவாள். வசனமே கிடையாது. "அதாம்பா வேண்டுதல். என்ன, நம்ம பொழைப்புதான் போச்சு" என்று சிரித்தார்.

அக்காவுக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் அவர் வேண்டி யாரும் பார்த்ததில்லை. "அவருகிட்ட நான் சத்தம் போட்டதே இல்லப்பா. சத்தமெல்லாம் வீட்டுக்காரருகிட்டதான்." ஒரு மகள் இருந்தாள். பள்ளிக்கூடம் போகிற வயதில் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஸ்டுடியோவில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதற்குப் பிறகும் கடவுளோடு அக்கா பேச்சை நிறுத்திக்கொள்ளவில்லை. எனக்கு இது விளங்கியதே இல்லை. சில நாள் ஆத்திரமாகக்கூட வரும்.

போன வாரம் வந்த இயக்குநர் சின்ன வயதுக்காரர், அவருக்கு இதுதான் முதல் படம். என் நாற்காலிக்குப் பின்னால் நகத்தைக் கடித்தபடி நடந்துகொண்டே இருந்தார். எல்லாம் பேசி முடித்து, கடைசியாக மிஞ்சியது அம்மா வேண்டும் காட்சி. மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், அம்மா மேலே பார்த்துக் கத்துகிறாள்: "உண்மையா வேண்டினவங்களை நீ கைவிட்டதே இல்லையே! என் புள்ளையைத் திருப்பிக் குடு!"

அக்கா காகிதத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். பதிவு விளக்கு எரிந்ததும் ஆரம்பித்து, அந்த வரிக்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றுவிட்டார். அடுத்த முறையும் அதே இடத்தில் குரல் நின்றது. "தண்ணி குடிச்சுக்கறேன்" என்றார். அக்கா ஒரே வரியில் இரண்டு முறை நின்று நான் பார்த்ததில்லை. எனக்குக் காரணம் தெரிந்தது. அதைச் சொல்ல நான் யார்?

இயக்குநர் என் காதருகே குனிந்தார். "அண்ணே, வெளியில இன்னொருத்தங்களை வரச் சொல்லி உக்கார வச்சிருக்கேன். இவங்களால முடியலைன்னா சொல்லிடுங்க, முதல்லேருந்து அவங்களை வச்சே பேசிடலாம்." படம் முழுக்க அந்த அம்மாதான். அக்கா இத்தனை நாள் பேசியதெல்லாம் குப்பைக்குப் போய்விடும். அழுகாச்சி அக்காவுக்குத் தொண்டை போச்சு என்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிடும்.

நான் உள்ளே குரல் போகும் பொத்தானை அமுக்கி, "அக்கா, இந்தத் தடவை முடிச்சிடுங்கக்கா" என்றேன். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பிறகு இயக்குநரைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டுவிட்டார்.

விளக்கு எரிந்தது. நடிகையின் உதடுகள் திரையில் அசைந்தன. அக்காவின் குரல் எழுந்தது. அதில் கதறலே இல்லை. எதிரில் நிற்கும் ஒருவரிடம் நேருக்கு நேர் கேட்கிற குரல்.

"உண்மையா வேண்டினவங்களைக்கூட நீ கைவிட்டிருக்கியே! என் புள்ளையைத் திருப்பிக் குடு!"

உதடு கச்சிதமாகப் பொருந்தியது.

"அக்கா, வரி மாறிடுச்சு" என்றார் இயக்குநர்.

"மாறலை தம்பி. நான்தான் மாத்தினேன்."

இயக்குநர் கதவைத் தள்ளிக்கொண்டு கண்ணாடி அறைக்குள்ளேயே போய்விட்டார். மைக் திறந்திருந்தது. நான் மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

"அது எங்கம்மா சொன்ன வார்த்தைக்கா. சின்ன வயசுல நான் பொழைக்க மாட்டேன்னு டாக்டரே சொல்லிட்டாரு. எங்கம்மா வராண்டாவுல நின்னு இதையேதான் சொன்னாங்களாம். நான் எழுந்து உக்காந்தேன். இந்தப் படமே அவங்களுக்காகத்தான். இதை மாத்தச் சொன்னா எப்படிக்கா?" கையை விரித்தார். "உங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்."

"இருக்கு தம்பி. எனக்கும் ஒரு பொண்ணு இருந்தா. நானும் அதே மாதிரி ஒரு வராண்டாவுல நின்னேன். பொய்யாவா வேண்டியிருப்பேன்?"

அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"உங்கம்மா சொன்னது தப்பில்ல, புள்ளை பொழைச்ச சந்தோஷம். நீங்க நல்லா இருக்கணும். ஆனா அந்த வார்டுல உங்கம்மா மட்டுமா இருந்தாங்க? வேற அம்மாங்க இருந்திருப்பாங்கள்ல? அவங்கள்ல யாராச்சும் நாளைக்கு டிக்கெட் வாங்கிட்டு வந்து உக்காந்தா, நான் என்னன்னு சொல்றது? நீ சரியா வேண்டலைன்னு சொல்றதா?"

இயக்குநர் கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் சுவரில் சாய்ந்தார்.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு பையன் இருந்தான்க்கா. எனக்கு அவனோட பொம்மை காரைக் குடுத்தான். ஒருநாள் காலையில அந்தக் கட்டில் காலியா இருந்துச்சு. நான் பாக்கக் கூடாதுன்னு அம்மா திரையை இழுத்து விட்டாங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவங்கம்மாவும் அந்த வராண்டாவுலதான் நின்னாங்க. இத்தனை வருஷத்துல அவங்களை நான் நினைச்சே பாத்ததில்லக்கா."

பிறகு கண்ணாடி வழியாக என் பக்கம் திரும்பி, "அண்ணே, அக்கா மாத்திப் பேசினதை அழிச்சிடாதீங்க" என்றார். நின்ற இடத்திலேயே சின்னப் பிள்ளை மாதிரி தேம்ப ஆரம்பித்துவிட்டார்.

அக்கா ஒரு கையால் அவரைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டார். இன்னொரு கையை நீட்டி மைக்கை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, அவர் காதில் ஏதோ சொன்னார்.