கேட்டில் பறிபோன மூங்கில் கம்பு

மலாயாவில் சர்க்காரும் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளும் சண்டையிட்ட அவசரகாலத்தில், கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். மழை பெய்த ஒரு காலையில், பால் வாளியோடு வடிகால் கான் ஓரம் வழுக்கி விழுந்தேன். இடுப்பெலும்பு முறிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து, உள்ளே ஆணி வைத்தார்கள். மூன்று மாதம் படுக்கை. வீட்டுக்காரர் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. பிள்ளையும் இல்லை. மற்ற கட்டில்களுக்கு ஆட்கள் வரும் நேரத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

திரும்பி வந்தபோது, காட்டுக்காரர்களோடு தொடர்பு கூடாதென்று, தூரத்து லயத்து வரிசைவீட்டு ஆட்களையெல்லாம் எங்கள் முள்வேலிக்குள் குடிவைத்திருந்தார்கள். பக்கத்து அறையில் தெரியாத முகங்கள். யார் யாரைக் காட்டிக்கொடுப்பார்களோ என்ற பயத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. டவுனிலிருந்து ஜெபிக்க வரும் சபையாரும் ஊரடங்குக்குப் பயந்து நின்றுவிட்டார்கள். என் குரலையே நான் கேட்டு நாளாகியிருந்தது.

அப்போதுதான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்தார்.

“திங்கக்கெழம காலைல பேரு கூப்புடுற பெரட்டுக்கு வந்துரும்மா. நாத்தங்கால்ல ஒக்காந்து களை புடுங்கு. வேலைக்கு வராத ஆளுக்கு ரூம்பு கெடையாதுன்னு தொரை சொல்லிட்டாரு.”

அந்த அறையை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை. அழுதேன். ஆண்டவரே, என் கையைப் பிடித்து நடத்த நம் சபையில் ஒருவரை அனுப்பும் என்று ஜெபித்தேன். ஜெபத்திலும் அதிகாரம் பண்ணுகிற ஆள் நான்.

திங்கட்கிழமை ஒருவரும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் தந்த ஊன்றுகட்டைகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. லயத்துக்குப் பின்னால் வெட்டிய மூங்கிலை ஊன்றிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். அதுதான் என் முட்டாள்தனம். காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசி போகக்கூடாது என்று ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்து வெளியே விடும் காலம் அது. மூங்கில் துளைக்குள் அரிசி கடத்திப் பிடிபட்டவர்கள் உண்டு. இடுப்பு வலியில் எனக்கு அது நினைவே இல்லை.

“மூங்கி தா போலே லா!” என்று மலாய்க் காவல்காரர் கம்பைப் பிடுங்கினார். கூடாதாம். பாராங் கத்தியால் இரண்டாகப் பிளந்தார். உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் கம்பும் போய்விட்டது.

வேலிக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரிசையில் வந்தவர்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். எனக்குத் தெரிந்தவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவ்வளவு ஜனத்துக்கு நடுவே அப்படி ஒரு தனிமையை நான் அனுபவித்ததில்லை. கண்ணை மூடினேன். யாரையாவது அனுப்பும் ஆண்டவரே என்றேன். சபை, கிபை எல்லாம் மறந்துபோயிற்று.

“அக்கா, எம்மேல கையப் போட்டுக்கோங்க.”

அஞ்சலை. கேட்டில் பெண்களைச் சோதனை போடுகிறவள். தோட்டமே அவளைக் கண்டால் காறித் துப்பும். நான் விழுவதற்கு முன்பு, என் மடியை அவள் தடவியபோது, இந்தக் கை விளங்காமல் போக என்று வாய்விட்டே சபித்திருக்கிறேன். அந்தக் கைதான் என்னைத் தாங்கிப் பிடித்தது. பெண்கள் போய்விட்டால் மதியம்வரை அவளுக்கு வேலையில்லை. நாற்றங்கால்வரை அரை மைல் என்னைச் சுமக்காத குறையாக நடத்திப் போனாள்.

“வீட்டுக்காரரு படுத்த படுக்க. அதான் இந்த வேலைய எடுத்தேன். எங்கிட்ட யாரும் பேசுறதில்லக்கா” என்றாள் வழியில்.

மறுநாள் கேட்டில் ஒரு கொய்யாக் கம்போடு நின்றாள். பட்டை உரித்து வழவழப்பாக்கியிருந்தாள்.

“உள்ள ஓட்டை இல்லாத கட்டக்கா. காவல்காரருகிட்ட காட்டிட்டேன்.”

கம்பை வாங்கிக்கொண்டேன். “அன்னைக்கு ஒன்னைச் சபிச்சேனே, காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு.”

“பின்ன ஏன்டி வந்த?”

“நீங்க கண்ண மூடுனீங்க. மயக்கம் போட்டு விழப்போறீங்கன்னு பயந்து ஓடியாந்தேன்.”

நான் ஜெபிக்க அல்லவா மூடினேன்!

அறையும் வேலையும் தங்கின. அன்றுமுதல் தினமும் கேட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி, “நல்லாருக்கியா அஞ்சலை?” என்று விசாரித்துவிட்டுத்தான் போவேன். யார் முறைத்தாலும் சரி. மழை வந்தால் இடுப்பு இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும், ஆண்டவருக்கு நன்றி.

தனியாக இருக்கும் சகோதர சகோதரிகளே, தயங்காமல் கேளுங்கள். யாரை அனுப்புவது என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். நான் கேட்ட ஆளுக்காகவே அவர் காத்திருந்தால், இன்னும் அந்த வேலிக்காலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருப்பேன்.