நான் சுருட்டிய டயர்

மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ரப்பர் பாலிலேயே கை வெளுத்துப்போனவள் நான். ஆனாலும் ஒரு டயரை எப்படிச் செய்கிறார்கள் என்பது ஜப்பான்காரன் வரும்வரை எனக்கும் தெரியாது, வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வேறு யாருக்கும் தெரியாது. நாங்கள் பாலை உறைய வைத்து, மிஷினில் தட்டாக இழுத்து, புகை போட்டு அனுப்புவோம். அது கப்பலேறி எங்கோ போய் டயராகி, துரையின் காரில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்து எங்கள் மேல் புழுதியடிக்கும். அவ்வளவுதான் எங்களுக்கும் டயருக்கும் இருந்த உறவு.

ஜப்பான்காரன் காலத்தில் கப்பலும் நின்றது, பெட்ரோலும் நின்றது. ரப்பர் தட்டுகள் ஸ்டோரில் வாங்குவாரில்லாமல் அடுக்கிக் கிடந்தன. சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு டயர் கிடைக்கவில்லை. சிலர் கயிற்றைச் சுற்றி ஓட்டினார்கள், சிலர் தண்ணீர்க் குழாயை வெட்டி மாட்டினார்கள். என் வீட்டுக்காரர் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார். அவர் வருவது அரை மைலுக்கு அப்பாலேயே கேட்கும்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் தோட்டத்திலிருந்து முதலில் போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அடுத்த பட்டியலை ஆபீஸில் கணக்கு பார்க்கும் கிராணி எழுதிவிட்டார். அதில் என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்.

அப்போதுதான் சுங்கை பட்டாணியில் இருந்த ஜப்பான் அதிகாரிக்கு ஒரு யோசனை வந்தது. தோட்டம் தோட்டமாகக் கடிதம் கொண்டுபோக அவனுக்குச் சைக்கிள் ஆள் ஒருவன் வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை மூன்று பந்தயம், அதிகம் ஜெயிப்பவனுக்கு வேலை என்று அறிவித்தான். வேலையோடு அரிசியும் உண்டு, கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டையும் உண்டு. அந்தப் பட்டையைக் கட்டியவனைச் சயாமுக்குப் பிடித்துப் போகமாட்டார்கள். அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது.

நான் ஸ்டோரில் மிஷின் சுற்றுகிறவள். தட்டுகளை நீள நீளமாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பச்சைப்பால் தடவிச் சுருட்டி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, புகையில் ஒரு வாரம் தொங்கவிட்டேன். வளையத்தில் மாட்டிப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"என்ன புள்ள இது, டயரா மலைப்பாம்பா?"

"ஓட்டத் தெரிஞ்சவனுக்கு டயரு. உங்களுக்கு மலைப்பாம்புதான்" என்றேன்.

பந்தயம் எங்கள் தோட்டத்திலேயே நடந்தது. ஆபீஸ் முன்னால் கிளம்பி, ஸ்டோரைச் சுற்றி, சுங்கை லாலாங் பக்கம் இறங்கும் செம்மண் சாலையில் போய், மேடேறித் திரும்ப ஆபீஸுக்கு வரவேண்டும். ஐந்து சுற்று. முதல் ஞாயிறு பதினோரு பேர் ஓட்டினார்கள். கடைசியில் நின்றது இரண்டே பேர்தான். ஒருவர் என் வீட்டுக்காரர். மற்றவன் டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்தவன். சண்டைக்கு முன்பு வந்த சீமை டயரைப் பரணில் ஒளித்துவைத்திருந்து இப்போது மாட்டிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பட்டியலும் இல்லை, சயாமும் இல்லை. பேர் ஒன்றுதான் வேண்டும். அன்றைக்கு நல்ல வெயில். என் டயர் இளகி, வளையத்தை விட்டு நழுவி, நான்காம் சுற்றில் பாம்பாகவே சாலையில் விழுந்தது. டவுன்காரன் ஜெயித்தான், டவுன் ஆட்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அன்று நான் சோறு பொங்கவில்லை. பொங்க அரிசியும் இல்லை, அது வேறு விஷயம்.

இரண்டாவது ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. டவுன்காரனின் சீமை டயரில் கூரான கல் ஏறிக் காற்று போனது. என் டயரில் காற்றே கிடையாது, எங்கிருந்து போகும்? இவர் ஜெயித்தார். எல்லாரும் அதிர்ஷ்டம் என்றார்கள். நான் மட்டும் டயரைத் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. மழை அதைக் குளிரவைத்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

மூன்றாவது ஞாயிறு மழை வருமென்று வானத்தை நம்பி உட்கார முடியுமா? லயத்துப் பெண்களைக் கூப்பிட்டுப் பேசினேன். பால்மரத்தைக் கீறி வெட்டும்போது ஆளுக்கொரு நிரை பிரித்துக்கொள்கிற மாதிரியே சாலையையும் பிரித்தோம். இந்த வளைவு உனக்கு, அந்த மேடு அவளுக்கு. இவர் கடக்கும்போது சக்கரத்தில் தண்ணீரை வீசவேண்டும். டவுன் ஆட்கள் அது தப்பு என்று தகராறு செய்தார்கள். அதிகாரி கேட்டுவிட்டு ஏதோ சொன்னான். கிராணி மொழிபெயர்த்தார்: "தண்ணி ஊத்தலாமாம். ஆளையும் சைக்கிளையும் தொட்டா அவுட்டு."

மேட்டடியில் இருந்த கடைசி நிரை என் அடுத்த வீட்டு அக்காவுக்கு. அவள் புருஷன் பெயரும் அதே பட்டியலில் இருந்தது. அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அக்கா அன்று காலை மரம் வெட்டி, பாலெடுத்து, அதை ஸ்டோரில் இறக்கக்கூட நேரமில்லாமல் ஓடிவந்திருந்தாள். அவளிடம் இரண்டு வாளி இருந்தன. ஒன்றில் தண்ணீர், ஒன்றில் பால்.

நான்கு சுற்று ஒரு குறையும் இல்லை. இவர் வருவார், தண்ணீர் பாயும், "போங்கண்ணே, போங்க!" என்று கத்தல் சாலையோடு கூடவே ஓடும். ஐந்தாம் சுற்றில் டவுன்காரன் ஒரு மாட்டுவண்டி நீளம் முன்னால் போய்விட்டான். மேட்டை நெருங்கும்போது இவருடைய பின்சக்கரத்தில் தப் தப் என்று சத்தம் கேட்டது. டயரின் ஒட்டு வாயைப் பிளக்க ஆரம்பித்திருந்தது. மேட்டின் மேலே ஆபீஸ் கோட்டருகே நின்றிருந்த எனக்கு உயிரே இல்லை. சயாம், சயாம் என்றுதான் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

பதற்றத்தில் அக்கா வாளியைத் தூக்கி வீசினாள். வீசியது பால்.

சக்கரம், வேட்டி, மார்பு, மீசை எல்லாம் வெள்ளை. "கிறுக்கச்சி!" என்று கத்திக்கொண்டே இவர் மிதித்தார். எங்கள் லயத்து வம்புக்காரர் ஒருவர் உரக்கச் சொன்னார்: "டேய், வெள்ளைக்காரன் திரும்பி வந்துட்டான் லா!"

அந்த நாளில் அந்த வார்த்தைக்குத் தலை போகும். எல்லாரும் அதிகாரியைப் பார்த்தோம். அவனுக்குத் தமிழ் தெரியாது. கிராணி மொழிபெயர்க்காமல் வானத்தைப் பார்த்தார். டவுன்காரனுக்கோ தமிழ் நன்றாகத் தெரியும். என்னவோ ஏதோவென்று திரும்பிப் பார்த்தான். மிதியும் நின்றது, முன்சக்கரமும் ஒரு முழம் விலகியது. அந்த ஒரு முழத்தில் இவர் நுழைந்து, அரைச் சக்கரம் முந்திக் கோட்டைத் தாண்டினார்.

அந்தக் கூச்சலை என்னவென்று சொல்வேன்! பெண்கள் வாளியைக் கவிழ்த்து வெட்டுக்கத்தியால் தட்டினார்கள். அவரைத் தூக்கியவர்கள் ஒட்டிக்கொண்டு இறக்க முடியாமல் தவித்தார்கள். டவுன் ஆட்கள் பால் தண்ணீராகுமா என்று நியாயம் கேட்டார்கள். அதிகாரி எழுந்து வந்து டயரை விரலால் தொட்டான். விரலை எடுத்தபோது நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அவன் சிரித்துவிட்டான். பட்டையை இவர் கையில் கட்டிவிட்டு, இந்த டயரைச் செய்தது யார் என்று கேட்டான். இவர் கூட்டத்தில் என்னைத் தேடி, "அவதான், என் வீட்டுக்காரி" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். மலைப்பாம்பு என்று சொன்ன அதே வாய். நான் தலை நிமிர்ந்துதான் நின்றேன். எதற்குக் குனியவேண்டும்?

ஆனால் லயத்தில் பேச்சு வேறு மாதிரி போனது. பிளந்த ஒட்டை அக்காவின் பால்தான் பிடித்து நிறுத்தியது என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தட்டைச் சாய்வாக வெட்டி, ஓடும் திசைக்கு அழுந்துகிற மாதிரி ஒட்டியிருந்தேன். அது பிளந்தாலும் கழலாது. "வீசின பால் அதுக்குள்ள உறைஞ்சிருமா? ஸ்டோருல வேல பாக்குறவகிட்டயே கதையா?" என்று இரண்டு நாள் வாசல் வாசலாகச் சண்டை போட்டேன். அக்கா, "சரி தங்கச்சி, உன் ஒட்டுதான்" என்று சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலைப் பிரட்டில், நாங்கள் வரிசையாக நின்று பேர் கொடுக்கிற இடத்தில், கிராணி பட்டியலை வாசித்தார். பக்கத்தில் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். யாரும் வாய் திறக்கக் கூடாது. அக்காவின் புருஷன் பெயர் வந்தது. அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய் லோரிப் பக்கம் நின்றார். அடுத்தது என் வீட்டுக்காரர் பெயர். இவர் கையை உயர்த்திப் பட்டையைக் காட்டினார். கிராணி பென்சிலால் பெயரை அடித்தார்.

எனக்குச் சந்தோஷப்படவே பயமாக இருந்தது. பக்கத்தில் நிற்கிறவளை எந்த முகத்தோடு பார்ப்பேன்? குனிந்துகொண்டேன். அப்போது வாளி தட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டத் தட்டினாள். "நம்ம தோட்டம் ஜெயிச்சிருச்சுடி, ஜெயிச்சிருச்சு!" என்றாள். அவளைப் பார்த்து அடுத்தவள் தட்டினாள். லோரிப் பக்கம் புருஷனை அனுப்பிவிட்டு நின்ற பெண்கள் எல்லாரும் தட்டினார்கள். சிப்பாய்கள் அதட்டினார்கள், ஒருத்தியும் நிறுத்தவில்லை. பந்தயத்தன்று கேட்டதைவிட அது பெரிய சத்தம்.

அவள் புருஷன் சயாமிலிருந்து திரும்பி வரவில்லை. என் வீட்டுக்காரர் ஜப்பான்காரன் போகும்வரை நான் சுருட்டிய டயரில்தான் ஓட்டினார். அந்த ஐந்தாம் சுற்றில் டயர் எப்படி நின்றது என்று இன்றைக்கும் யாராவது கேட்பார்கள். அக்கா ஊற்றிய பால்தான் பிடித்து நிறுத்தியது என்று சொல்கிறேன்.