அது மீன் முள் இல்லை

அம்மாவின் வாய்க்குள் நான் முதன்முதலாக எட்டிப் பார்த்தது போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செல்போன் டார்ச் வெளிச்சத்தில்.

இடது கன்னம் லேசாக உப்பியிருந்தது. கீழ்வரிசையில் கடைசிப் பல்லைச் சுற்றி ஈறு சிவந்து, வீங்கி, பளபளவென்று... நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி.

"முள்ளாக்கும். நேத்து சாளை மீனு தின்னும்போ குத்திச்சு" என்றாள் அம்மா.

எங்கள் ஊர் கடியப்பட்டணம். அம்மா கருங்கல் சந்தையில் மீன் விற்கிறவள். எங்கள் பக்கத்தில் வாய்க்குள் என்ன நடந்தாலும் குற்றவாளி ஒருவர்தான் — மீன் முள். தொண்டை கரகரத்தால் முள். நாக்கு புண்ணானால் முள். குழந்தை காரணமில்லாமல் அழுதால்கூட, 'வாயத் தொறந்து பாரு, முள்ளு இருக்கும்.'

"டாக்டருட்ட காட்டுவோமாம்மா?"

"எதுக்கு? எனக்க மவளே டாக்டராக்கும்!"

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் டாக்டர்தான். கணிதத்தில்! கிராஃப் தியரி. புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஐந்து வருடம் ஆராய்ந்து வாங்கிய பட்டம். தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' வந்த நாளிலிருந்து தெருவில் பாதிப்பேர் மாத்திரை அட்டையோடு என்னிடம் வருகிறார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன்? பிடித்திருந்தது... அதுதான் உண்மை.

எனவே டாக்டர் தீர்ப்பு சொன்னேன். "முள்ளுதான்."

புருவம் திருத்தும் பிளக்கரை எடுத்து வெந்நீரில் கழுவினேன். வெள்ளைப் புள்ளியைக் குத்திக் கிளறினேன். முள் வரவில்லை. மஞ்சளாகக் கொஞ்சம் கசிந்தது. கெட்ட வாடை. ஆனால் அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது.

"வலி கொறஞ்சிட்டுது மக்கா. முள்ளு போச்சு."

இரண்டு பேருக்கும் சந்தோஷம். முன்பு எனக்குத் தொண்டை வலி வந்தபோது மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் இரண்டைக் கொடுத்தேன். ஏன் இரண்டு? அட்டையில் அவ்வளவுதான் இருந்தது.

திங்கட்கிழமை கன்னத்தை மறைத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு சந்தைக்குப் போனாள். சாயங்காலம் சோறு வேண்டாம், கஞ்சித் தண்ணீர் போதும் என்றாள். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. கையைத் தொட்டேன், சுட்டது.

"வெயிலாக்கும்."

"வலிக்காம்மா?"

"அவ்வளவு இல்லட்டி."

வலி இல்லையென்றால் பயமில்லை. அப்படித்தானே நாம் எல்லோரும் நினைக்கிறோம்?

செவ்வாய்க்கிழமை காலை, வகுப்பு முடிந்து வெளியே வருகிறேன். போன். அம்மாவுக்குப் பக்கத்தில் கடை போடும் ரோஸ்லி சித்தி.

"மக்கா, ஒனக்க அம்மைக்கு எச்சி வழிஞ்சுட்டே இருக்கு. முழுங்க முடியல்லியாம். ஆஸ்பத்திரிக்கு வான்னா, எம் மவ பாத்தாச்சுங்கா. நீயே சொல்லு, இந்தா."

அடுத்து ஒரு குரல். சூடான மரச்சீனிக் கிழங்கை வாய் நிறைய வைத்துக்கொண்டு பேசுவதுபோல் கொழகொழவென்று...

"யாரு பேசுறது?" என்று கேட்டேன்.

அம்மாதான். சந்தையின் இந்த முனையில் கூவினால் அந்த முனையில் திரும்பிப் பார்க்க வைக்கிறவள். அவள் குரல் எனக்குத் தெரியவில்லை.

அம்மாவைச் சந்தைக்குப் பக்கத்திலிருக்கும் பல் டாக்டரிடம் கூட்டிப்போக ரோஸ்லி சித்தியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அன்றைக்கு அந்த பஸ் நிற்காத ஸ்டாப்பே இல்லை.

நான் போய்ச் சேரும்போதுதான் அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். பல் டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். முள்ளைத் தேடவேயில்லை. இரண்டு விரலை அம்மாவின் தாடைக்கு அடியில் வைத்து அழுத்தினார். அங்கே வீக்கம்! பலகை மாதிரிக் கெட்டியாக, இரண்டு பக்கமும். மூன்று நாளாக நான் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எப்போதோ கழுத்துக்கு இறங்கியிருக்கிறது.

"இது முள்ளு இல்ல. ஈறுல சீழ் பிடிச்சு, நாக்குக்கு அடியில பரவியாச்சு. இன்னும் வீங்கினா மூச்சு அடைச்சிரும். இங்க வெச்சு ஒண்ணும் செய்யக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பமே போணும்." சொல்லிக்கொண்டே ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார். பிறகு கேட்டார். "ஈறுல யாரு குத்தினது?"

"நான்தான்."

"நர்ஸா நீங்க?"

"இல்ல... மேத்ஸ்."

அவர் சிரிக்கவில்லை. "படுக்க வைக்காதீங்க. உக்கார வெச்சே கொண்டு போங்க" என்று மட்டும் சொன்னார்.

திங்கள்சந்தையில் டிராஃபிக். சைரன் அலறுகிறது, முன்னால் நிற்கும் லாரி நகரவில்லை. அம்மா என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் மாதிரி மெல்லிய சத்தம். அடுத்தது வருமா? வந்தது. அதற்கு அடுத்தது?

நடுவில் அம்மா கையால் சட்டி மாதிரி வட்டம் போட்டுக் காட்டினாள். மீன்!

"ரோஸ்லி சித்தி வித்துருவா. நீ மூச்ச விடும்மா, அது போரும்."

நாகர்கோவிலில் கழுத்தைக் கீறிச் சீழை வெளியேற்றினார்கள். ரத்தப் பரிசோதனையில் இன்னொன்றும் தெரிந்தது, அம்மாவுக்குச் சர்க்கரை நோய். யாருக்கும் தெரியாது. சர்க்கரை ஏறினால் ஈறு சீக்கிரம் கெடுமாம், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காதாம். பிளக்கர் கதையைக் கேட்ட டாக்டர், "கொஞ்சம் சீழ் வெளிய வந்ததால வலி குறைஞ்சது. நோய் குறையல. இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை ராத்திரி முழுக்க நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கல்லூரியில் சேரும்போது 'முதல் பட்டதாரி' சான்றிதழ் வாங்கினோம் இல்லையா, நம்மில் பலர்? அதில் அச்சடிக்காமல் விட்ட ஒரு வரி உண்டு. இனிமேல் வீட்டில் 'தெரியாது' என்று சொல்ல உனக்கு அனுமதி இல்லை. பேங்க் ஃபாரம் முதல் பிரஷர் மாத்திரை வரை எல்லாம் நம் இலாகா. அந்த நாற்காலி சுகமாகத்தான் இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் நான் அம்மாவின் ஈறைக் குத்தினேன்.

அதனால் பட்டவள் சொல்கிறேன். ஈறு வீங்கி, சீழ் வைத்து, வாய் நாறினால் அன்றைக்கோ மறுநாளோ பல் டாக்டரைப் பாருங்கள். போகும்வரை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். குத்த வேண்டாம், மிச்ச மாத்திரை வேண்டாம். வலி தானாக அடங்கினாலும் போய்க் காட்டத்தான் வேண்டும். ஆனால் தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம், வாய் திறக்கவில்லை, எச்சில் இறங்கவில்லை, குரல் மாறிவிட்டது, மூச்சு திணறுகிறது — இதில் ஒன்று இருந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. சும்மா வீக்கம்தானே என்று யாராவது கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

ஐந்தாம் நாள் காலை. கழுத்தில் கட்டு. நர்ஸ் ஒரு ஸ்பூன் கஞ்சி கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கொடுத்தேன். அம்மா கண்ணை மூடினாள். தொண்டை ஏறியது... நின்றது... இறங்கியது.

நான் கை தட்டிவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

"ஏட்டி, சும்மா இரி. மானம் போவுது" என்றாள் அம்மா.

போகட்டுமே!