செயின் செட் மாற்றிய நாள்

என் வண்டி வருவது ஊருக்கே தெரியும். செயின் தளர்ந்து தொங்கி, கவருக்குள் கடகடவென்று அடித்துக்கொண்டு வரும். வாய்க்கால் மதகில் திரும்பும்போதே எங்கள் தெருவுக்குக் கேட்டுவிடும். "அறுப்பு மெஷினு வருதுடா, வழி விடுங்க" என்பார்கள் டீக்கடையில். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஆனால் மகள் போன பிறகு யாரோடும் மல்லுக்கு நிற்கத் தெம்பில்லை.

ஏழாவது படித்துக்கொண்டிருந்தவள். காய்ச்சல் என்று தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாலாம் நாள் ஆம்புலன்ஸில் திரும்பக் கொண்டுவந்தோம். ஒரே பிள்ளை.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மனைவி தேறிவிட்டாள். நீடாமங்கலத்தில் உரக்கடை வேலை முடிந்து நான் வீடு வரும்போது முகம் கழுவி, பொட்டு வைத்து, வாசலில் நிற்பாள். டீ தயாராக இருக்கும். பக்கத்து வீட்டுக் கோழி செய்த அட்டகாசத்தையெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். உள்ளதைச் சொன்னால், எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. பெற்றவளால் இவ்வளவு சீக்கிரம் எப்படி முடிகிறது என்று மனசுக்குள் பொருமிக்கொண்டே டீயைக் குடிப்பேன்.

செயினை மாற்ற வேண்டும் என்று பேச்செடுத்தால் மட்டும் அவள் முகம் மாறிவிடும். "ஓடுற வரைக்கும் ஓடட்டுமேங்க, இப்ப என்ன அவசரம்?" என்பாள். இவளுக்கு எப்போதிருந்து இந்தக் கஞ்சத்தனம் என்று எரிச்சலாக இருக்கும்.

போன மாதம் ரயில்வே கேட்டில் மானம் போயிற்று. கேட் திறந்து, எல்லா வண்டியும் முண்டியடிக்கும் நேரத்தில், சரியாகத் தண்டவாளத்தின் நடுவே செயின் கழன்று விழுந்தது. பின்னால் நெல் ஏற்றிய டிராக்டர்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. வியர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு போய் முதலில் கண்ணில்பட்ட பட்டறையில் நிறுத்தினேன். வீட்டுக்குப் போன் பண்ணவில்லை. பண்ணினால் வேண்டாம் என்பாள்.

மெக்கானிக் பின்சக்கரத்தைக் கழற்றினார். பல்சக்கரத்தில் அப்பியிருந்த மண்ணையும் மசியையும் வழித்துப் போட்டதும் பற்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் கருக்கரிவாள் மூக்குபோல ஒரே பக்கமாக வளைந்து கிடந்தது. செயின் மட்டும் போதுமா என்று கேட்டேன்.

"பழைய பல்லுல புதுச் செயினைப் போட்டா ஆறு மாசம் தாங்காதுங்க. முன்னாடிப் பல்லு, பின்னாடிப் பல்லு, செயினு, மூணும் ஒண்ணா மாத்திடுங்க."

மாற்றினார். லாக் போட்டு, செயினை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ஓசையே இல்லாமல் சுற்றியது. பழையதைக் காகிதத்தில் சுற்றித் தரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது காதில் விழுந்தது. டீக்கடையில் ஒருவரும் தலைதூக்கவில்லை. தெருமுனைச் சரிவில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவது என் வழக்கம். முன்பெல்லாம் அப்போதும் செயின் அடித்துக்கொண்டே வரும். அன்று வாசல்வரை வந்தும் எனக்கே சத்தம் கேட்கவில்லை.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மனைவியின் குரல்.

"கணக்கு முடிச்சாச்சா? முடிக்காம எந்திரிச்சே, தோலை உரிச்சுடுவேன்."

பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"தலை ஏன்டி இப்படிக் கலைஞ்சு கெடக்கு? திரும்பு. ஆடாம உக்காரு."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் சீப்பு. எதிரே யாருமில்லை.

"இன்னும் நேரமிருக்கு. அப்பா வண்டிச் சத்தம் கேக்கல. கேட்டதும் சமத்தா கிளம்பிடணும், என்ன? நேத்து மாதிரி அடம் பிடிக்கக் கூடாது."

 வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே தள்ளிக்கொண்டு மதகுவரை திரும்பிப் போனேன். கட்டையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இவளைப் போய்த் தேறிவிட்டாள் என்று நினைத்தேனே என்று இருந்தது. பயமாகவும் இருந்தது, டாக்டரிடம் காட்ட வேண்டுமோ என்று. இதையெல்லாம்விட, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது. என் பிள்ளை தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாள். நான் வந்தால் போய்விடுகிறாள்.

பொழுது மசங்கிவிட்டது. எப்படியும் வீட்டுக்குப் போகத்தானே வேண்டும். இங்கிருந்தே ஹாரன் அடித்தால் கேட்கும். வண்டியில் ஏறி உட்கார்ந்து பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்தேன். அழுத்த முடியவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க? இருட்டிடுச்சே, இன்னும் சத்தத்தையே காணோம்?" வழக்கமான அதே தெளிவான குரல்.

"கடைக்கு லோடு வந்துருக்கு," என்றேன். "இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும்."

"சரிங்க, மெதுவாவே வாங்க," என்று சொல்லிவிட்டு உடனே போனை வைத்துவிட்டாள்.